சொல் போன வழி – 17: காசிக் குரங்கும் அத்திப் பூவும்

ஆனி மாதக் கடைசியில் ஐந்தருவிக்குப் போயிருந்தேன். சாரல் விட்டுவிட்டு விழுந்துகொண்டிருந்தது. ஆண்கள் பக்கத்து வரிசை கயிறு மாதிரி நீண்டு கிடந்ததால், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பழக்கடை ஓரமாக ஒதுங்கினேன். கால் கிலோ ரம்புட்டான் வாங்கி, சில்லறைக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தேன்.

“அண்ணாச்சி, பைய மடியில வைங்க. பின்னால நிக்கான்” என்றார் கடைக்காரர்.

திரும்புவதற்குள் பை போய்விட்டது. ‘அவன்’ கடையின் தகரக் கூரைமேல் உட்கார்ந்து, பழத்தின் சடைத்தோலை நகத்தால் ஒரு கீறு கீறி, இரண்டாகப் பிளந்து, உள்ளே இருந்த வெள்ளைச் சுளையை மட்டும் வாயில் போட்டுக்கொண்டான். கொட்டை என் காலடியில் வந்து விழுந்தது. மலாய் நாட்டுப் பழத்தை உரிப்பதற்குத் திரிகூட மலைக் குரங்குக்கு யார் பாடம் எடுத்தார்களோ!

குற்றாலத்துக்கும் குரங்குக்கும் உள்ள உறவை மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் குறவஞ்சியிலேயே பதித்து வைத்துவிட்டார். அதைப் பற்றி எழுதப் போவதில்லை. தகரக் கூரையைப் பார்த்தபோது என் நினைவுக்கு வந்தது வேறொரு குரங்கு. சீனத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த குரங்கு. அதன் சொந்த ஊர் சீனமில்லை, காசி. நான் நின்றிருந்ததோ தென்காசிக்குப் பக்கத்தில்.

இதுவரை இந்தத் தொடரில் நம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்த சொற்களைப் பார்த்தோம்: சீனி, சீனச்சட்டி, சீனக்காரம், சீனவெடி. இந்த வாரம் சரக்கு மறுபக்கம் போகிறது.

*

சீனர்கள் ‘செங்யூ’ என்று சொல்வது ஒருவகை மரபுத்தொடர். பெரும்பாலும் நான்கே எழுத்து. சீன மொழியில் ஓர் எழுத்து ஓர் அசை, அநேகமாக ஒரு சொல்லும்கூட. ஆக நான்கு சொல்லுக்குள் ஒரு கதை மடித்து வைக்கப்பட்டிருக்கும். கதை தெரியாதவனுக்கு வெறும் நான்கு சொல், தெரிந்தவனுக்கு முழு நாடகம். நாம் ‘பகீரதப் பிரயத்தனம்’ என்று இரண்டு சொல்லில் கங்கையையே இறக்கிவிடுவதைப் போல.

இவற்றில் பெரும்பகுதி சீனத்து மண்ணில் விளைந்தவைதான். கி.மு. 260இல் சாங்பிங் என்ற இடத்தில் சாவ் குவோ என்ற தளபதி தோற்றான். போர் நூல்களை வரிவிடாமல் படித்தவன், வாதத்தில் தந்தையையே மடக்கியவன், களத்தில் பெரும்படையை இழந்தான். அதிலிருந்து வந்தது ‘காகிதத்தில் போர் பேசுவது’. நமக்கு ஏட்டுச் சுரைக்காய். (சாவ் குவோ காலத்தில் சீனத்திலும் காகிதம் கிடையாது. தொடரைப் பின்னால் வந்தவர்கள் கட்டியிருக்கிறார்கள்.) கி.மு. 207இல் சியாங் யூ ஆற்றைக் கடந்ததும் தன் வீரர்களின் சமையல் பானைகளை உடைத்து, வந்த படகுகளை முழுக்கிவிட்டான். திரும்பிப் போகும் நினைப்பே வரக்கூடாது என்று. ‘பானை உடை, படகு முழுக்கு’ என்பது இன்றும் தேர்வுக்குப் படிக்கும் மாணவனுக்குச் சொல்லும் தைரியம்.

ஆனால் இந்தப் பெருங்கூட்டத்துக்குள் ஒரு சிறு கூட்டம் வெளியூரிலிருந்து வந்தது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டு தொடங்கி எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பௌத்த நூல்கள் சீனத்தில் மொழிபெயர்க்கப்பட்டன. அந்த நூல்களின் உரைநடைக்கு ஒரு தாளம் உண்டு. ஓதுவதற்கு வசதியாக, பெரும்பாலும் நான்கு நான்கு எழுத்தாக வெட்டி எழுதினார்கள். நான்கெழுத்துத் தொடருக்கு ஆசைப்படும் ஒரு மொழியில் நான்கெழுத்தாகவே நறுக்கிய கதைகள் வந்து விழுந்தால் என்ன ஆகும்? அப்படியே எடுத்துப் பேச்சில் போட்டுக்கொண்டார்கள். நம்மூரில் எதுகை செய்கிற வேலையை அங்கே எண்ணிக்கை செய்திருக்கிறது. ‘சங்கடம் வந்தால் வெங்கடரமணா’ என்பது நிலைத்ததற்குப் பக்தி பாதிக் காரணம், ‘ங்க’ மீதிக் காரணம். அதே பொருளில் சீனன் சொல்வது, ‘அவசரத்துக்குப் புத்தர் காலைப் பிடிப்பது’. தேர்வுக்கு முதல்நாள் இரவு புத்தகத்தைத் திறக்கும் பிள்ளையை அங்கே இப்படித்தான் திட்டுகிறார்கள்.

*

குரங்குக்கு வருவோம்.

கி.பி. 399இல், அறுபது வயதை ஒட்டிய ஒரு துறவி சாங்கான் நகரிலிருந்து (இன்றைய சியான்) நடக்கத் தொடங்கினார். நம் பாடப்புத்தகத்துப் பாகியான்தான். அவர் தேடி வந்தது புத்தர் பிறந்த இடத்தைக் காட்டிலும் ஒரு விதிப் புத்தகத்தை. துறவிகள் எப்படி நடந்துகொள்ள வேண்டும், எது குற்றம், எதற்கு என்ன கழுவாய் என்று சொல்லும் ‘விநயம்’ சீனத்தில் முழுமையாகக் கிடைக்கவில்லை. வடஇந்தியாவில் போன இடமெல்லாம் ஆசிரியர்கள் வாய்மொழியாகவே சொல்லிக் கொடுத்தார்கள், படியெடுக்க ஏடு இல்லை. கடைசியில் பாடலிபுத்திரத்தில் மகாசாங்கிகப் பிரிவினரின் விநயம் கிடைத்தது. மூன்றாண்டுகள் அங்கே தங்கி, சம்ஸ்கிருதம் படித்து, தன் கையால் படியெடுத்தார்.

பிறகு கடல்வழி. இலங்கையில் இரண்டாண்டுகள். அநுராதபுரத்து அபயகிரி விகாரையில் பச்சைக்கல் புத்தர் சிலைக்கு ஒரு வணிகர் சீனத்து வெண்பட்டு விசிறியைக் காணிக்கை வைத்திருந்ததைப் பார்த்து, ஊர் நினைவு வந்து கண்ணீர் விட்டதாக அவரே எழுதியிருக்கிறார். புயலில் கப்பல் அலைந்து திரிந்து, 412இல் சீனக் கரையேறினார். 416 முதல் 418 வரை, இன்று நான்ஜிங் எனப்படும் நகரில், இந்தியத் துறவி புத்தபத்திரரோடு உட்கார்ந்து அந்த விநயத்தை நாற்பது சுருள்களாகச் சீனமாக்கினார்.

அந்த நாற்பதுக்குள் ஓரிடத்தில் வருகிறது கதை. முன்னொரு காலத்தில் காசி தேசத்தில், வாராணசி நகரத்துக்கு வெளியே ஐந்நூறு குரங்குகள் திரிந்தன. ஓர் ஆலமரம், அதன் கீழே ஒரு கிணறு. இரவில் கிணற்றுக்குள் நிலா தெரிந்தது. தலைமைக் குரங்குக்குப் பகீரென்றது. நிலா செத்துக் கிணற்றில் விழுந்துவிட்டது, இனி உலகம் முழுக்க இருட்டுத்தான், நாம்தான் வெளியே எடுக்க வேண்டும் என்றது. எப்படி? நான் கிளையைப் பிடிக்கிறேன், என் வாலை நீ பிடி, உன் வாலை அவன் பிடிக்கட்டும். ஒன்றன் வாலை ஒன்று பிடித்துச் சரம் இறங்கியது. நீரைத் தொடுவதற்குக் கொஞ்சம்தான் பாக்கி. பாரம் தாங்காமல் கிளை முறிந்தது. ஐந்நூறும் கிணற்றுக்குள்.

விதிப் புத்தகத்தில் இந்தக் கதைக்கு என்ன வேலை? தப்பான தலைவன் பின்னால் போகாதே என்பதற்குத்தான். அன்றைய தலைமைக் குரங்கு, புத்தரை எதிர்த்துச் சங்கத்தைப் பிளந்த இன்றைய தேவதத்தன், வால் பிடித்தவை அவன் பேச்சைக் கேட்ட துறவிகள் என்று கதை முடிகிறது. ‘வால் பிடிப்பது’ என்று நாம் சொல்வதன் பொருளும் அங்கே அப்படியே உட்கார்ந்திருக்கிறது பாருங்கள்.

சீனப் பேச்சில் இந்தப் பாடம் உதிர்ந்துபோயிற்று. தலைவன், தேவதத்தன், கட்டுப்பாடு எல்லாம் போய், மிஞ்சியது ‘ஷுய் ஜோங் லாவ் யுவே’: தண்ணீருக்குள் நிலாவை அள்ளுவது. நடக்காத காரியத்துக்கு மெனக்கெடுவது. நாம் ‘கானல்நீரை மொள்ளப் போனான்’ என்போம். கதையில் மிகவும் அழகாக இருந்த ஒரு படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைக் கிணற்றில் விட்டுவிட்டார்கள். எனக்கு அதில் வருத்தம் கிடையாது. உலகம் இருண்டுவிடுமே என்று பதறிய அந்தக் குரங்கை மட்டும் கொஞ்சம் காப்பாற்றியிருக்கலாம்.

இதே தொடர் இன்னொரு வடிவத்தில், ‘கடலடியில் நிலாவை அள்ளுவது’ என்று, மாஜாங் ஆட்டத்துக்குள் போய்ச் சேர்ந்தது. கடைசிக் கட்டையை எடுத்து வெல்லும் ஆட்டத்துக்கு அங்கே அந்தப் பெயர். 1994இல் சிச்சுவான் மாகாணத்தில் தொடங்கிய ஒரு கொதிகுழம்புக் கடை அந்த ஆட்டப் பெயரைத்தான் வைத்துக்கொண்டது: ஹாய்திலாவ். இன்று உலகம் முழுக்கக் கிளைகள். சிங்கப்பூரில் இருக்கும் நம்மவர்கள் டோக்கன் வாங்கி வெளியே காத்திருக்கும்போது, தலைக்கு மேல் பலகையில் தொங்குவது காசிக் குரங்கின் கை என்று நினைத்திருக்க மாட்டார்கள்.

*

அதே விநய நூலில் காலக் கணக்கு ஒன்று இருக்கிறது. இருபது கணம் ஓர் இமைப்பு, இருபது இமைப்பு ஒரு விரல் சொடக்கு, இருபது சொடக்கு ஒரு லவம், இருபது லவம் ஒரு முகூர்த்தம், முப்பது முகூர்த்தம் ஒரு பகலும் இரவும்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். முகூர்த்தம் 48 நிமிடம். லவம் 2 நிமிடம் 24 விநாடி. சொடக்கு 7.2 விநாடி. இமைப்பு 0.36 விநாடி. கணம் 0.018 விநாடி. இமைப்பு ஏறக்குறையச் சரி. ஏழு விநாடி எடுத்துக்கொண்டு சொடக்குப் போடும் ஆள் எந்த மடத்தில் இருந்தாரோ!

இதில் சொற்களைக் கவனியுங்கள். ‘கணம்’ வடமொழி க்ஷணம். சீனத்தில் அது ‘சா-நா’ ஆனது. ‘ஒரு கணத்தில்’ என்று நாம் சொல்லும் இடத்தில் அவர்களும் ‘ஒரு சா-நாவில்’ என்பார்கள். அது வெளியூர்ச் சொல் என்ற எண்ணமே இன்று அவர்களுக்கு வராது, நமக்கு வராதது போலவே. லவத்தை நாம் ‘லவலேசமும் கிடையாது’ என்பதில் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறோம். சொடக்கோ ‘விரல் சொடுக்கும் நேரம்’ என்று சீனத்தில் இன்றும் வழங்குகிறது. நாம் அதற்குக் கடன்பட வேண்டியதில்லை. எழுத்தின் மாத்திரைக்குக் கண் இமைப்பதையும் கை நொடிப்பதையும் அளவாக வைத்தது தொல்காப்பியம். நொடி என்றாலே சொடக்குத்தான். அடுத்த முறை ‘ஒரு நொடி இருங்க’ என்று சொல்லும்போது விரலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

*

வரிசை நகர்வதாகத் தெரியவில்லை. ஓடையை ஒட்டிக் கொஞ்ச தூரம் நடந்தேன். ஓர் அத்தி மரத்தடியில் பழம் உதிர்ந்து நசுங்கிக் கிடந்தது. நசுங்காத ஒன்றை எடுத்துப் பிட்டேன். உள்சுவர் முழுக்கச் சிவந்த நார்போல நெருக்கமாக ஏதோ நிற்கிறது. அந்த நார் ஒவ்வொன்றும் ஒரு பூவிலிருந்து வந்தது. நடுவில் பொடிப்பொடியாக, இறகு முளைத்த புள்ளிகள் இரண்டு நகர்ந்தன. அத்திக் குளவிகள். அத்தியின் பூ வெளியே வருவதில்லை, பழம் என்று நாம் நினைக்கும் உருண்டைக்குள்ளேயே நூற்றுக்கணக்கில் பூக்கிறது. நுனியில் இருக்கும் ஊசித் துளை வழியாகக் குளவி நுழைந்துதான் மகரந்தம் சேர்க்க வேண்டும். வெளியே நின்று பார்ப்பவனுக்கு அத்தி பூப்பதே இல்லை. அதனால்தான் எப்போதோ ஒருமுறை வீட்டுக்கு வரும் உறவினரைப் பார்த்து ‘அத்தி பூத்தாற்போல வர்றீங்களே’ என்கிறோம்.

இந்த அத்தி சீனத்திலும் பூத்தது.

குமாரஜீவர் என்றொருவர். தந்தை இந்தியர், தாய் நடு ஆசியக் குச்சா நாட்டு அரச குடும்பம். 344இல் பிறந்தவர். 384இல் குச்சாவைப் பிடித்த சீனத் தளபதி இவரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு போனான். வழியில் லியாங்சோவில் பதினேழு ஆண்டுகள் ஏறக்குறையச் சிறை. அந்தப் பதினேழு ஆண்டில் சீனம் அவர் நாக்கில் ஏறிவிட்டது. 401இன் கடைசியில் சாங்கானுக்கு வந்து, அரசன் கொடுத்த பெரிய மொழிபெயர்ப்புக் கூடத்தில் உட்கார்ந்தார். 406இல் தாமரைச் சூத்திரத்தை முடித்தார்.

அந்தச் சூத்திரத்தில், புத்தரின் உபதேசம் கிடைப்பது எவ்வளவு அரிது என்பதற்கு ஓர் உவமை: உதும்பர மரம் பூப்பதைப் போல. உதும்பரம் என்றால் அத்தி. நம் பழைய நிகண்டுகளிலும் அத்திக்கு அந்தப் பெயர் உண்டு. மூவாயிரம் ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் என்று உரைகாரர்கள் ஏற்றி வைத்தார்கள். மரத்தின் பெயரை ஒலியாகவே எழுதினார்கள், ‘யூ-தான்-போ-லோ’ என்று. அந்தக் காலத்து உச்சரிப்பில் நடுவில் இருக்கும் ‘தான்’ கிட்டத்தட்ட ‘தம்’. உதும்பரத்தின் ‘தும்’தான் அது. நான்கெழுத்துக்குள் அடைப்பதற்காக மற்றவற்றை உதிர்த்துவிட்டு, அந்த ஒரு அசையை மட்டும் வைத்துக்கொண்டார்கள்: ‘தான்ஹுவா யீ சியென்’. தான்-பூ ஒருமுறை தோன்றியது.

இதுவரை நமக்கும் அவர்களுக்கும் ஒரே மரம், ஒரே பொருள்: அருமை. பிறகுதான் வழி பிரிகிறது. சாங்கானில் இருப்பவன் இந்த அத்தியைப் பார்த்ததில்லை. பெயர் இருக்கிறது, மரம் இல்லை. பிற்காலத்தில் மெக்சிக்கோ பக்கத்துக் கள்ளி ஒன்று சீனத்துக்கு வந்து சேர்ந்தது. இரவில் வெள்ளை வெளேரென்று விரிந்து, விடிவதற்குள் துவண்டு தொங்கிவிடும் பூ. அனாதையாக நின்ற அந்தப் பெயரை எடுத்து அதன் தலையில் சூட்டினார்கள். பூ மாறியதும் பொருளும் அதன் பக்கம் சாய்ந்துவிட்டது. இன்று சீனத்தில் ‘தான்ஹுவா யீ சியென்’ என்றால், சட்டென்று பளிச்சிட்டு மறைந்துபோன ஒன்று. ஒரே படத்தோடு காணாமல் போன நடிகை, ஒரு பருவம் மட்டும் அடித்து ஆடிய பந்தாட்டக்காரர், இப்படி.

அந்தக் கள்ளிப் பூ உங்களுக்குத் தெரிந்ததுதான். மொட்டைமாடித் தொட்டியில் வைத்து, பூக்கும் இரவில் பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டு, சூடம் காட்டி, படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுகிறோமே, அந்தப் ‘பிரம்ம கமலம்’. நாமும் அதற்கு இமயமலைப் பூ ஒன்றின் பெயரைத் தூக்கிக் கொடுத்திருக்கிறோம். மெக்சிக்கோக் கள்ளிக்கு வந்த வாழ்வு! போன இடமெல்லாம் அதற்குச் சாமிப் பெயர்.

குமாரஜீவரைப் பற்றி இன்னொன்று சொல்லாமல் நகர முடியவில்லை. மொழிபெயர்ப்பு என்பது சோற்றை மென்று அடுத்தவனுக்கு ஊட்டுவது மாதிரி, சுவை போவதோடு குமட்டலும் வரும் என்று அவர் சலித்துக்கொண்டதாகப் பழைய வரலாறு சொல்கிறது. அதுவே சீனத்தில் ஒரு தொடராகிவிட்டது: ‘மென்ற சோற்றை ஊட்டுவது’. தன் தொழிலை இவ்வளவு கடுமையாகத் திட்டிய மனிதரின் மொழிபெயர்ப்பைத்தான் பதினாறு நூற்றாண்டாக ஓதிக்கொண்டிருக்கிறார்கள். அவர் உடல் எரிந்தபோது நாக்கு மட்டும் வேகவில்லை என்று ஒரு கதையும் உண்டு.

*

கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பவரை நமக்கு நன்றாகத் தெரியும். சீனத்தில் அவர் ‘பூவைக் கடன் வாங்கிப் புத்தருக்குச் சாத்துகிறவர்’. விருந்தாளி, வீட்டுக்காரர் ஊற்றிய மதுவையே தூக்கி அவரையே வாழ்த்தும்போது சொல்லும் பணிவான வார்த்தை. நம் தேங்காயில் இருக்கும் குத்தல் அதில் கிடையாது.

அதன் ஊற்று ஐந்தாம் நூற்றாண்டில் குணபத்திரர் என்ற இந்தியர் சீனமாக்கிய நூல். முற்பிறவியில் போதிசத்துவர் ஓர் இளைஞராக, அப்போதைய புத்தருக்குப் பூ வாங்க அலைகிறார். ஊர்ப் பூவையெல்லாம் அரசன் வாங்கிவிட்டான். ஒரு பெண் ஏழு நீலத் தாமரைகளைக் குடத்துக்குள் ஒளித்து எடுத்து வருகிறாள். ஐந்நூறு வெள்ளிக்காசு கொடுத்து ஐந்தைப் பெறுகிறார். மீதி இரண்டை அவளே நீட்டுகிறாள்: கூட்டத்தில் பெண்பிள்ளை என்னால் முன்னே போக முடியாது, என் பேரில் இதையும் சாத்திவிடுங்கள் என்று. கதையில் கடன் வாங்கினவர் யாருமில்லை. கூட்டத்துக்குப் பின்னால் நின்றுவிட்ட ஒருத்தியின் காணிக்கைதான் இருக்கிறது. தொடராகச் சுருங்கியபோது அந்தப் பெண் விடுபட்டுப்போனாள்.

குருடர் யானையைத் தடவிய கதையும் இதே வழியில் போனதுதான். 421இல் தர்மக்ஷேமர் மொழிபெயர்த்த நிர்வாண சூத்திரத்தில் காது முறம், துதிக்கை உலக்கை, கால் உரல், முதுகு கட்டில், வயிறு பானை, வால் கயிறு. ஓர் இந்தியக் கிராமத்து வீட்டுச் சாமான் அத்தனையும் யானைமேல் ஏறிச் சீனத்துக்குப் போயிருக்கிறது. தந்தத்தைத் தொட்டவன் மட்டும் அங்கே முள்ளங்கி என்கிறான்.

மனக்குரங்கு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பாலி நூல்களிலேயே மனம் கிளைக்குக் கிளை தாவும் குரங்குதான். சீனர்கள் அதோடு ஒரு குதிரையையும் சேர்த்து, ‘மனம் குரங்கு, எண்ணம் குதிரை’ என்று நான்காக்கினார்கள். 1592இல் அச்சேறிய ‘மேற்குப் பயணம்’ நாவலில் சீனத் துறவி யுவான் சுவாங்கோடு இந்தியாவுக்குக் கிளம்பும் குரங்கு வீரன் சுன் வூகோங்குக்கு ‘மனக்குரங்கு’ என்றே பட்டம்.

*

இங்கே ஒரு கடிவாளம் போட வேண்டியிருக்கிறது. ஒன்றிரண்டு பொருந்தியவுடன் எல்லாம் நம்மிடமிருந்து போனதுதான் என்று மார் தட்டும் பழக்கம் நமக்கு உண்டு. கிணற்றுத் தவளையை எடுத்துக்கொள்ளுங்கள். வடமொழியில் கூபமண்டூகம், தமிழில் கிணற்றுத் தவளை, சீனத்தில் ‘ஜிங் தி ஜி வா’. ஆனால் சீனத் தவளை, பௌத்தம் அங்கே போவதற்குப் பல தலைமுறை முன்னதாகவே சுவாங் சூ என்ற பழைய சீன நூலில் கிழக்குக் கடல் ஆமையோடு பேசிக்கொண்டிருக்கிறது. கிணறும் தவளையும் உள்ள எந்த ஊரிலும் இது தோன்றும்.

சீனத்தில் ஜென் மரபின் முதல் ஆசானாகப் போற்றப்படும் போதிதருமர் இன்னொருவர். 2011இல் ‘ஏழாம் அறிவு’ படம் வந்த பிறகு அவர் காஞ்சிப் பல்லவ இளவரசர் என்பதில் நம்மவர்க்குச் சந்தேகமே இல்லாமல் போய்விட்டது. அவரைக் குறிப்பிடும் பழைய சீன நூல் 547ஆம் ஆண்டினது. அது அவரைப் பாரசீகத்தார் என்கிறது. 645இல் எழுதிய தாவ் சுவான்தான் தென்னிந்திய அந்தணர் என்கிறார். காஞ்சியும் பல்லவரும் இவ்விரண்டிலும் இல்லை. ஆனாலும் அவர் பெயரைச் சுற்றிச் சீனத்தில் தொடர்கள் கொத்தாகக் காய்த்தன: ‘ஒன்பதாண்டு சுவரைப் பார்த்தல்’, ‘ஒற்றை நாணலில் ஆறு கடத்தல்’, ‘ஒற்றைச் செருப்போடு மேற்கே திரும்புதல்’. அவர் சொன்னதாகப் பின்னால் வந்தவர்கள் எழுதி வைத்த ‘ஒரு பூ, ஐந்து இதழ்’ என்பது, ஒரு மரபு ஐந்து பள்ளிகளாகப் பிரிந்ததைக் குறிக்கும் என்பார்கள். மேலே ஒரே ஓடையாக வந்து, பாறை விளிம்பில் ஐந்தாக விழும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது இந்தத் தொடர் நினைவுக்கு வந்தால் என்னைக் குறை சொல்லாதீர்கள்.

*

இந்த மலைக்கும் சீனத்துக்கும் இதைவிட உறுதியான ஒரு கயிறு இருக்கிறது.

640ஐ ஒட்டிக் காஞ்சி வரை வந்த யுவான் சுவாங், அதற்குத் தெற்கே தான் கேட்டறிந்ததையும் எழுதி வைத்தார். மலகூட நாடு, அங்கே சந்தனமும் கற்பூர மரமும் வளரும் மலய மலை, அதன் கிழக்கே பொதலக மலை. உச்சியில் ஒரு குளம், அதிலிருந்து இறங்கி மலையைச் சுற்றித் தென்கடல் சேரும் ஒரு பேராறு, அங்கே குடியிருக்கும் அவலோகிதர் என்ற போதிசத்துவர். 646இல் முடித்த பயண நூலில் இது இருக்கிறது. இந்தப் பொதலகம் நம் பொதிகைதான் என்று ஜப்பானிய அறிஞர் ஹிகோசகா உட்படப் பலர் வாதிட்டிருக்கிறார்கள். எல்லோரும் ஏற்கவில்லை. ஆனால் பதினோராம் நூற்றாண்டில் வீரசோழியம் எழுதிய புத்தமித்திரர், அகத்தியர் தமிழ் கற்றதே அவலோகிதரிடம்தான் என்று சொன்னதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எனக்கு ஹிகோசகா பக்கம்தான் சாய்வு.

அவலோகிதர் சீனத்தில் குவான்யின் ஆனார், பெண்ணும் ஆனார். பொதலகம் லாசாவில் பொதாலா அரண்மனை ஆனது, சீனத்தின் செஜியாங் கரைக்கு எதிரே உள்ள தீவில் பூதோ மலை ஆனது. ஒன்பதாம் நூற்றாண்டில் ஒரு ஜப்பானியத் துறவி குவான்யின் சிலையைத் தம் ஊருக்கு எடுத்துப் போக, அந்தத் தீவருகே கப்பல் நகர மறுத்ததாம். அம்மன் இங்கேயே இருக்க விரும்புகிறாள் என்று இறக்கி வைத்தார்கள். ‘போகமாட்டேன் என்ற குவான்யின்’ என்றே அந்தக் கோயிலுக்குப் பெயர்.

சிவகாசிக்காரர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள். காசியிலிருந்து பாண்டியன் கொண்டுவந்த லிங்கத்தைச் சுமந்த பசு வழியில் நகர மறுத்ததால்தான் எங்கள் ஊரே உண்டானது என்பார்கள். அந்தப் பாண்டியன் பராக்கிரமன், காசிக்குப் போகிறவர்கள் வழியிலேயே இறந்துபோகிறார்களே என்று 1446இல் சிற்றாற்றங்கரையில் கோயில் எழுப்பத் தொடங்கினான். கோயிலுக்கு இடம் காட்டியது எறும்புச் சாரை என்று ஊரார் சொல்வார்கள். அந்தக் கோயில்தான் தென்காசி. காசியை அவன் தெற்கே கொண்டுவந்தான். அதற்கு ஆயிரம் ஆண்டுக்கு முன்பே பாகியான் காசியின் ஐந்நூறு குரங்குகளைக் கிழக்கே கொண்டுபோயிருந்தார்.

வரிசை நகர்ந்து, ஐந்து நிமிடம் தலைகொடுத்து நின்றுவிட்டு வந்தேன். கூரைமேல் இருந்தவன் காலிப் பையை ஒருமுறை உள்ளே கைவிட்டுத் துழாவிப் பார்த்துவிட்டுக் கீழே போட்டான். கடைக்காரர் அதை எடுத்து மடித்து வைத்துக்கொண்டார்.

குரங்கும் கிணற்று நிலாவும் வரும் கதையை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருந்தால், எந்த ஊர், யார் சொன்னது என்ற விவரத்தோடு எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் யுவான் சுவாங் காஞ்சிக்கு வருகிறார். இலங்கைக்குக் கப்பல் ஏற நினைத்தவரை அங்கே சந்தித்த துறவிகள் ஏன் திருப்பி அனுப்பினார்கள் என்பதிலிருந்து தொடங்குவோம்.